எந்த வங்கியில் கணக்கு தொடங்குவது? கல்லூரி மாணவியின் கேள்வியும் பதிலும்

கேள்வி: நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தேன். இந்த ஆண்டு கோவையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்து, விடுதியில் தங்கியிருக்கிறேன். சென்ற மாதம் 18 வயது நிறைந்தது. எனக்கென்று முதல் முறையாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். கல்லூரி வளாகத்தில் மேசை போட்டிருக்கும் தனியார் வங்கிக்காரர்கள், மினிமம் பேலன்ஸ் தேவையில்லை, அரை மணி நேரத்தில் கணக்கு தயார் என்கிறார்கள். சித்தப்பா மகன், கைப்பேசியிலேயே ஆதாரை வைத்து ஐந்து நிமிடத்தில் தொடங்கிவிடலாம் என்கிறான். அப்பாவோ, கவர்மெண்ட் பேங்க் தவிர வேறெங்கும் பணம் போடாதே என்கிறார். பள்ளியில் உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு ஒன்று ஊருக்குப் பக்கத்துக் கிளையில் உண்டு; அதன் பாஸ்புக் அப்பாவிடம் இருக்கிறது. புதுமைப் பெண் திட்டத்துக்குக் கல்லூரியில் கணக்கு விவரம் கேட்கிறார்கள். விடுதியில் ஓர் அக்கா, புதுக் கணக்கு தொடங்கி ஏடிஎம் அட்டையைக் கொடுத்தால் ஐயாயிரம் ரூபாய் தருபவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். எந்த வங்கியைத் தேர்ந்தெடுப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத மாணவி, கோவை

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

எந்த வங்கி என்று கேட்டு எழுதிய கடிதத்தில், போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்ட அந்தப் பழைய கணக்கில்தான் என் கண் நின்றது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வங்கிக் கிளைகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கல்லூரி சேரும் பருவத்தில் "முதல் கணக்கு" தொடங்க வரும் பிள்ளைகளில், அரசுப் பள்ளியிலிருந்து வருபவர்களில் பலருக்கு அது முதல் கணக்கே அல்ல. பள்ளியில் ஆசிரியர் கேட்டார் என்று தொடங்கி, உதவித்தொகை வந்தபோது அப்பாவோ அம்மாவோ எடுத்துச் செலவு செய்து, பிறகு பீரோவுக்குள் போய்விட்ட ஒரு பாஸ்புக் ஏற்கெனவே இருக்கும். அதைச் சரிபார்க்காமல் இன்னொரு கணக்கைத் தொடங்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஆகவே, எந்த வங்கி என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தப் பழைய கணக்கு.

அரசு உங்களுக்கு அனுப்பும் பணம் இரண்டு வழிகளில் வரலாம். ஒன்று, கணக்கு எண்ணையும், வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் வைத்து அனுப்புவது. மற்றொன்று, ஆதார் எண்ணை மட்டும் வைத்து அனுப்புவது. நேரடிப் பயன் பரிமாற்றம் என்று சொல்லப்படும் தொகைகள் பலவும், பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு உட்பட, இந்த இரண்டாம் வழியில்தான் வருகின்றன. ஆதார் எண்ணை வைத்துப் பணம் அனுப்பும்போது, அந்த எண் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், அதாவது என்பிசிஐ, வைத்திருக்கும் ஒரு பட்டியல்தான் தீர்மானிக்கிறது. அந்தப் பட்டியலில் ஓர் ஆதார் எண்ணுக்கு எதிரே ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் இருக்க முடியும். கடைசியாக எந்த வங்கி உங்கள் ஒப்புதலோடு ஏற்றியதோ, அந்த வங்கிக்கே பணம் போகும். நீங்கள் கல்லூரியில் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணை அந்த முறை பார்ப்பதே இல்லை.

இதில் பலரும் குழம்புவது ஒரு சொல்லில்தான். "என் கணக்கில் ஆதார் இணைத்தாயிற்று" என்பார்கள். கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்கு, சான்றாக ஆதார் நகலைக் கொடுத்து, அது கணக்கில் பதிவாகியிருப்பது ஓர் இணைப்பு. என்பிசிஐ பட்டியலில் ஏற்றுவது வேறோர் இணைப்பு. அதை வங்கிகளில் "சீடிங்" என்று சொல்வார்கள். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமல் போகலாம். அதேபோல், புதுக் கணக்குக்கான விண்ணப்பத்தில், நேரடிப் பயன்களை இந்தக் கணக்கிலேயே பெற விரும்புகிறேன், வேறு வங்கியில் இருக்கும் இணைப்பை மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்ற பொருளில் சிறிய எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், உங்களுக்குத் தெரியாமலே உங்கள் உதவித்தொகை இடம் மாறிவிடும்.

நான் கடைசியாகப் பணியாற்றிய கிளைக்கு ஒரு நாள் உங்களைப் போன்ற ஒரு மாணவி, அம்மாவுடன் வந்தார். ஐந்து மாதமாகப் பணம் வரவில்லை என்று பாஸ்புக்கை நீட்டினார். கல்லூரியில் கேட்டால் அனுப்பியாகிவிட்டது என்கிறார்கள், எங்கள் பதிவில் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணின் கைப்பேசியிலேயே ஆதார் ஆணையத்தின் இணையதளத்தைத் திறந்து, வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியைப் பார்க்கச் சொன்னேன். வேறொரு வங்கியின் பெயர் வந்தது. "அங்கே எனக்குக் கணக்கே இல்லையே சார்" என்றார். அம்மாதான் நினைவுபடுத்தினார்: கண்காட்சியில் தண்ணீர் பாட்டில் கொடுத்து ஏதோ படிவத்தில் கையெழுத்து வாங்கினார்களே என்று. பணம் முழுவதும் அங்கே பத்திரமாக இருந்தது. ஆனால் அந்தக் கணக்குக்குக் கொடுத்திருந்தது அண்ணனுடைய பழைய சிம் எண். அது எப்போதோ செயலிழந்திருந்தது. அந்தப் பணத்தைக் கையில் வாங்குவதற்குள் அவர்கள் மூன்று முறை பேருந்து ஏற வேண்டியிருந்தது.

ஆகவே, நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த இணைப்பு நிலையைப் பார்ப்பது. ஆதாரில் பதிவான கைப்பேசி எண்ணுக்கு ஓடிபி வரும். அது அப்பாவின் எண்ணாக இருந்தால் அவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு பாருங்கள். பழைய கணக்கு இருக்கும் வங்கியின் பெயரே அங்கே தெரிந்தால், அந்தக் கணக்கின் விவரத்தையே புதுமைப் பெண் திட்டத்துக்குக் கொடுத்துவிடலாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவிகளுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாதம் ரூ.1,000, படிப்பு முடியும் வரை வரும். இடையில் கணக்கை மாற்றினால், கல்லூரியில் அதற்கென இருக்கும் பொறுப்பாசிரியரிடம் உடனே சொல்ல வேண்டும்.

பல நாளாகப் பார்க்காத கணக்கு செத்துப் போயிருக்குமோ என்று அஞ்ச வேண்டாம். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எந்த வரவுசெலவும் செய்யாவிட்டால் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். ஆனால் உதவித்தொகைக்காகவும் அரசுப் பயன்களுக்காகவும் தொடங்கிய, இருப்பே வைக்கத் தேவையில்லாத கணக்குகளை அப்படி வகைப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் வெளியிட்ட விதிகளில் சொல்லியிருக்கிறது; அவை அந்த ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ளன. அப்படியே முடங்கியிருந்தாலும், மீண்டும் உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. முடங்கிய காலத்துக்கு இருப்புக் குறைவு என்று அபராதம் பிடிக்கவும் கூடாது.

அதில் உங்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அது நீங்கள் மைனராக இருந்தபோது தொடங்கிய கணக்கு. 18 வயது நிறைந்ததும் வங்கி உங்களிடம் புதிதாக மாதிரிக் கையொப்பம் வாங்கி, இனி நீங்கள் மட்டுமே இயக்குவீர்கள் என்று பதிவு செய்ய வேண்டும். பாதுகாவலராக அப்பா இயக்கிவந்திருந்தால், அன்றைய இருப்பைப் பார்த்து நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாத கணக்கில் ஒரு நாள் திடீரென்று பணம் எடுக்க முடியாமல் போகும். பெரும்பாலும் அது விடுதிக் கட்டணம் கட்டக் கடைசி நாளாக இருக்கும். ஊர்க் கிளை எட்டத்தில் இருக்கிறதே என்றால், அதே வங்கியின் கோவைக் கிளைக்குக் கணக்கை மாற்றித் தரக் கேட்கலாம். மாறியதும் ஐஎஃப்எஸ்சி குறியீடு வேறாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி, இந்தக் கணக்கே போதுமா, புதிது வேண்டுமா என்பது. என் கருத்தில், படிக்கும் மூன்று ஆண்டுகளுக்கு அதுவே போதும். கேட்க வேண்டியது ஒன்றே: அது எந்த வகைக் கணக்கு? ஏழை எளியோருக்காக 2005-இல் "நோ ஃப்ரில்ஸ்" என்ற பெயரில் வந்து, 2012-இல் அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாறிய ஒரு வகை எல்லா வங்கிகளிலும் உண்டு. அதில் குறைந்தபட்ச இருப்பு என்ற பேச்சே கிடையாது. ஏடிஎம் அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் போடுவதற்கு எண்ணிக்கை வரம்பில்லை. எடுப்பது மாதத்துக்கு நான்கு முறையாவது இலவசம். தனியார் வங்கியும் இதைக் கொடுக்கத்தான் வேண்டும். கேட்டால்தான் கொடுப்பார்கள் என்பது வேறு விஷயம். ஒரு நிபந்தனை, அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது.

கல்லூரி வளாகத்து மேசையில் "மினிமம் பேலன்ஸ் இல்லை" என்று சொல்வது இந்த வகையா, அல்லது மாணவர்களுக்கென்று அந்த வங்கியே வகுத்த சலுகைக் கணக்கா என்று கேளுங்கள். இரண்டாவதாக இருந்தால், சலுகை எதுவரை என்று கேளுங்கள். படிப்பு முடிந்ததும், அல்லது குறிப்பிட்ட வயதைத் தாண்டியதும், பல வங்கிகளில் அது சாதாரண சேமிப்புக் கணக்காகிவிடும். அன்றைக்கு நீங்கள் வேலை தேடிக்கொண்டிருப்பீர்கள். கணக்கில் நானூறு ரூபாய் இருக்கும். அப்போது குறைந்தபட்ச இருப்பு கேட்கத் தொடங்குவார்கள்.

அந்தக் குறைந்தபட்ச இருப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது கணிதம் படிக்கும் உங்களுக்கு எளிதில் விளங்கும். மாதச் சராசரி இருப்பு ரூ.5,000 என்றால், எந்நேரமும் ஐந்தாயிரம் இருக்க வேண்டும் என்று பொருளல்ல. முப்பது நாளும் நாள் முடிவில் இருக்கும் தொகைகளைக் கூட்டி முப்பதால் வகுத்தால் ஐந்தாயிரம் வர வேண்டும். பத்து நாள் பதினைந்தாயிரம் வைத்திருந்து, மீதி இருபது நாளும் கணக்கு வெறுமையாகக் கிடந்தாலும் சராசரி ஐந்தாயிரம்தான், அபராதம் இல்லை. ஆனால் அப்பா அனுப்பிய ஆறாயிரத்தை வந்த அன்றே விடுதிக்குக் கட்டிவிடும் மாணவியின் சராசரி கிட்டத்தட்ட பூஜ்யம். குறைவுக்கு ஒரு தொகை, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்று பாஸ்புக்கில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் ஒரு வரி விழும். குறைவைச் சொல்லி, ஈடுசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தராமல் அபராதம் பிடிக்கக் கூடாது. அபராதத்தால் மட்டுமே இருப்பு மைனஸுக்குப் போகக் கூடாது என்பது 2015 ஏப்ரல் முதல் இருக்கும் விதி. அப்படி ஏதாவது நடந்திருந்தால் கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள். முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பேன், அவர் நினைத்த காரணம் அதுவாக இல்லாவிட்டாலும். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச இருப்பைக் கைவிட்டது. 2025-இல் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவையும் அபராதத்தை நீக்கின. அதே 2025 ஆகஸ்டில் ஒரு பெரிய தனியார் வங்கி, நகரங்களில் புதுக் கணக்குகளுக்கான சராசரி இருப்பை ரூ.50,000 என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் ரூ.15,000 ஆகக் குறைத்ததை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். பணம் பத்திரமாக இருக்குமா என்ற அப்பாவின் கவலைக்கு வருவோம். வைப்புத்தொகைக் காப்பீடு அரசு வங்கிக்கும் தனியார் வங்கிக்கும் ஒன்றேதான்: ஒருவருக்கு ஒரு வங்கியில், அசலும் வட்டியும் சேர்த்து, ரூ.5 லட்சம் வரை. உங்கள் தொகைக்கு இந்தக் கவலை தேவையில்லை.

வட்டியைப் பார்த்தும் வங்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஆண்டு முழுவதும் பத்தாயிரம் ரூபாய் அசையாமல் இருந்தால், இரண்டரை விழுக்காட்டில் ரூ.250 கிடைக்கும், நான்கு விழுக்காடு தரும் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் ரூ.400. அந்த நூற்றைம்பது ரூபாய் வித்தியாசத்தை அட்டைக்கான ஆண்டுக் கட்டணமோ, ஏடிஎம்மோ விழுங்கிவிடும். சாதாரண சேமிப்புக் கணக்கில், சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறையும், பிற வங்கி ஏடிஎம்மில் சென்னை போன்ற பெருநகரங்களில் மூன்று முறையும், கோவை போன்ற பிற ஊர்களில் ஐந்து முறையும் இலவசம். இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதும் ஒரு முறையாகவே எண்ணப்படும். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் ரூ.23 வரை வாங்கலாம் என்று 2025 மே முதல் இருக்கிறது. ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.27.14. நூறு ரூபாய் எடுக்க இருபத்தேழு ரூபாய் கொடுத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். விடுதியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எந்த வங்கியின் ஏடிஎம் இருக்கிறது என்று ஒரு மாலை சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். விளம்பரத் தாளைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

சித்தப்பா மகன் சொல்லும் ஐந்து நிமிடக் கணக்கு பொய்யல்ல, ஆனால் அரைக் கணக்கு. நேரில் பார்க்காமல், ஆதார் ஓடிபி மட்டும் வைத்துத் தொடங்கும் கணக்கில் ரூ.1 லட்சத்துக்கு மேல் இருப்பு வைக்க முடியாது. ஒரு நிதியாண்டில் ரூ.2 லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது; ஓராண்டுக்குள் முழுக் கேஒய்சி செய்யாவிட்டால் தொடர முடியாது. காணொளி வழியாகவோ கிளைக்குச் சென்றோ சரிபார்ப்பை முடித்தால் இந்த வரம்புகள் நீங்கிவிடும். பிற்பாடு கல்விக் கடன் வேண்டி வந்தால், நேரில் போய்ப் பேசக்கூடிய ஒரு கிளையில் குடும்பத்தின் வரவுசெலவு இருப்பது எவ்வளவோ உதவும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

விடுதி அக்கா சொன்ன ஐயாயிரம் ரூபாய் விவகாரத்துக்குத் தயங்காமல் மறுப்புச் சொல்லுங்கள். எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தை உங்கள் கணக்கின் வழியாக நகர்த்துவதற்குத்தான் உங்கள் அட்டையை விலைக்குக் கேட்கிறார்கள். ஏமாந்தவர் இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்ததும், பணம் போன வழியிலுள்ள கணக்குகள் ஒவ்வொன்றாக முடக்கப்படும். காவல்துறைக்கு முதலில் கிடைக்கும் பெயரும் ஆதாரும் புகைப்படமும் உங்களுடையவை. அட்டையை வாங்கிப் போனவரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. வேறொரு மாநிலத்துக் காவல் நிலையத்திலிருந்து வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தந்தை என் மேசைக்கு முன்னால் பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தார். மகனுக்குக் கிடைத்தது மூவாயிரம் ரூபாய். அந்த அக்காவும் ஏற்கெனவே கொடுத்திருந்தால், உடனே வங்கிக்குப் போய் அட்டையை முடக்கி, நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கைப்பேசி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கணக்கில் அப்பாவின் எண் பதிவாகியிருக்கும். உங்கள் எண்ணைப் பதியாதவரை உங்கள் கைப்பேசியில் யுபிஐ இயங்காது; ஒவ்வோர் ஓடிபிக்கும் அவர் காட்டு வேலையை நிறுத்திவிட்டு எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். உங்கள் பெயரில் உள்ள சிம்மின் எண்ணையே கொடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடும் என்பதால், எண்ணை மாற்றினால் வங்கியிலும் ஆதாரிலும் மாற்றிவிடுங்கள். அதோடு, வாரிசு நியமனப் பகுதியை வெறுமையாக விடாமல் அம்மாவின் பெயரை எழுதுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வேலை நாளாகப் பார்த்துப் போங்கள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. பாஸ்புக், ஆதார் அட்டை, கல்லூரி அடையாள அட்டை, இரண்டு புகைப்படம், பான் அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்; பான் இல்லாவிட்டால் அதற்குப் பதிலான உறுதிமொழிப் படிவத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அப்பாவையும் அழைத்துப் போங்கள். முதலில் பாஸ்புக்கை வரவு பதியக் கொடுத்து, விடுபட்ட வரிகள் எல்லாம் அச்சாகி வந்ததும், அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்துப் பாருங்கள். பிறகு கையொப்பம் மாற்றவும், கைப்பேசி எண் மாற்றவும், சீடிங் செய்யவும் தனித்தனியாக மூன்று படிவம் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் கவுண்ட்டரை விட்டு நகர வேண்டாம்.